வாவிக்கு எத்தனையோ பேர், மெத எலவுக்கு யார்? கண்டி நகரத்து மழைநீரின் இருநூறு வருடக் கதை

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள். நம்ம ஊர்த் தண்ணீரைப் பற்றியது.

ஐப்பசி, கார்த்திகையில் பின்னேரம் ஒரு பெருமழை இரண்டு மணித்தியாலம் பெய்தால் கண்டியில் என்ன நடக்கும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். வாவியைச் சுற்றியுள்ள நடைபாதை நனைந்திருக்கும், அவ்வளவுதான். கீழே புகையிரத நிலையத்துப் பக்கமும் தெய்யன்னவெலப் பக்கமும் கான் நிரம்பி, வெள்ளம் றோட்டுக்கு ஏறி, கடைக்காரர் ஷட்டருக்கு முன்னால் சாக்கு அடுக்கத் தொடங்குவார். ஒரே ஊர், ஒரே மழை. வாவிக்கு ஒரு நியாயம், கீழே இருப்பவனுக்கு ஒரு நியாயமா என்று பிள்ளைகள் வகுப்பில் கேட்பார்கள். வரலாற்றுப் பாடம் படிப்பிக்கிறவன் என்பதால் நான் அதற்கு வரலாற்றிலேயே பதில் தேடிப் பார்த்தேன்.

முதலில் ஊர்ப் பெயர்களைப் பாருங்கள். தெய்யன்னவெல என்ற பெயரில் கடைசியில் நிற்கும் 'வெல' சிங்களத்தில் வயல். தெய்வத்துக்குரிய வயல் என்று பொருள். வாவி இருக்கும் இடத்துக்குப் பழைய பெயர் திகோல்வெல. அதுவும் வயல்தான். கட்டுகலை என்று நாம் சொல்வது 'கட்டு கெலே', முட்காடு. ஆக இன்று பஸ்ஸும் கடையும் வீடும் நெருக்கிக்கொண்டு நிற்கிற இந்தப் பள்ளத்தாக்கின் அடித்தளம் ஒரு காலத்தில் வயலாகவும் காடாகவும்தான் இருந்தது. மனிதர்கள் வயலுக்கு மேலே, மேட்டில் இருந்தார்கள். அரண்மனையும் தலதா மாளிகையும் இருக்கிற இடத்தை மனதில் கொண்டு வாருங்கள். அவை பள்ளத்தில் இல்லை.

கண்டி ஒரு கிண்ணம். தெற்கே ஹந்தானை மலை, வடக்கே உடவத்தகலைக் காடு, கிழக்கே அம்பிட்டிய பக்கத்து மேடுகள். மேற்கே மட்டும்தான் கிண்ணத்துக்கு ஓர் உடைந்த விளிம்பு. அந்த வழியால் தண்ணீர் ஓடி கெட்டம்பேயில் மகாவலியில் விழுகிறது. வருடத்துக்கு ஏறத்தாழ 1,800 மில்லிமீற்றர் மழை பெய்கிற ஊர் இது. அதில் நல்ல பங்கு இரண்டு பருவக்காற்றுக்கும் இடைப்பட்ட மாதங்களில் இடியோடு கொட்டும். நான்கு பக்க மலையிலும் விழுகிற தண்ணீர் எல்லாம் ஒரே ஒரு வாசலால்தான் வெளியே போகவேண்டும். இதை மறந்துவிட்டு கண்டியின் வெள்ளத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேச முடியாது.

அந்த வாசலை அந்தக் காலத்தில் காத்தது வயல். வயல் என்றால் நெல் விளையும் இடம் என்று மட்டும் நினைக்காதீர்கள். படிப்படியாக வெட்டிய பாத்திகளும் வரம்புகளும் மலையிலிருந்து வேகமாக வரும் தண்ணீரை ஒவ்வொரு படியிலும் நிறுத்தி, ஊறவிட்டு, மிச்சத்தைக் கீழே அனுப்பும். நடுவில் ஓடும் வாய்க்கால்தான் 'எல'. நடுவில் ஓடுவதால் 'மெத எல'. கமக்காரனுக்கு அந்த எல அடைபட்டால் விளைச்சல் போய்விடும். ஆகவே யாரும் சொல்லாமலே அதைத் துப்பரவாக்குவான். சொல்லாமல் விட்டாலும் செய்விக்க வெல் விதானை என்று ஒருவர் இருப்பார். எந்த நாளில் எல வெட்டுவது, யாருக்கு எவ்வளவு நீளம் என்பதெல்லாம் அவர் பொறுப்பு. சம்பளத்துக்கு வேலை செய்யும் பொறியியலாளர் இல்லை அவர். ஆனால் தண்ணீருக்கு ஒரு பொறுப்பாளி இருந்தார். இந்த ஆளை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படுவார்.

இப்போது அரசனிடம் வருவோம். கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் திகோல்வெல வயலுக்குக் குறுக்கே அணை கட்டினான். 1807 என்றும் எழுதுவார்கள். அந்தக் காலத்தில் கண்டிச் செய்திகளை உளவறிந்து குறித்து வைத்த ஆங்கிலேய அதிகாரி ஜோன் டொய்லியின் குறிப்பின்படி அணை வேலை நடந்தது 1810க்கும் 1812க்கும் இடையில். பத்திரிப்புவ பக்கமிருந்து எதிர்க்கரை விகாரைப் பக்கம்வரை அணை, அதன் மேல் பாதை. வேலையை வடிவமைத்தவர் தேவேந்திர மூலாச்சாரி என்ற கைவினைஞர். கரையில் அலை வடிவத்தில் வளைந்து வளைந்து போகிற சுவர் 'வலாகுளு பம்ம', முகில் சுவர். வாவிக்கு 'கிரி முஹுத', அதாவது பாற்கடல் என்று பெயர். பாற்கடல், அதற்குக் கரையில் முகில் என்று வானுலகத்தையே கீழே இறக்கிவைக்கிற எண்ணம். அரசனின் பூர்வீகம் தென்னிந்தியா என்பதால் இந்தக் கற்பனை நமக்குப் புரிவது கஷ்டமில்லை.

ஆனால் அந்தப் பாற்கடலை வெட்டியது மனித முதுகு. ராஜகாரிய முறையில், அதாவது அரசனுக்குச் செய்யவேண்டிய கட்டாயச் சேவையாக, ஆட்கள் கொண்டுவரப்பட்டார்கள். நெல் விளைகிற நல்ல வயலைத் தண்ணீருக்குள் மூழ்கடிப்பதையும் குடிமக்களை இப்படி வாட்டுவதையும் பிரதானிகள் சிலர் எதிர்த்தார்கள் என்றும், எதிர்த்தவர்களுக்குக் கொடூரமான தண்டனை கிடைத்தது என்றும் சொல்லப்படுகிறது. பாசனத்துக்காகக் கட்டிய குளமல்ல இது. அநுராதபுரத்து, பொலன்னறுவைக் குளங்களோடு இதை ஒப்பிட்டால் அந்த வேறுபாடு உடனே தெரியும். அங்கே வயலுக்காகக் குளம் வெட்டினார்கள், இங்கே குளத்துக்காக வயலைக் கொடுத்தார்கள். முகில் சுவரும் முழுதாக முடியவில்லை. 1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி ஒப்பந்தத்தோடு இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போனது. அரசன் வேலூருக்கு நாடுகடத்தப்பட்டு 1832இல் அங்கேயே இறந்தான். வாவியை ஒருமுறை சுற்றி நடக்கிறவர்கள் கவனித்தால் சுவர் எங்கே நிற்கிறது என்று இன்றும் பார்க்கலாம்.

அரசன் அழகுக்காகத்தான் கட்டினான். ஆனாலும் தண்ணீருக்கு நம் நோக்கம் தெரியாதே. அணை கட்டினால் அது தேங்கும், தேங்கினால் வெள்ளம் தணியும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஹெக்டேர் நீர்ப்பரப்பில் நீர்மட்டம் 10 சென்ரிமீற்றர் உயர்ந்தால் அதில் 10 இலட்சம் லீற்றர் தண்ணீர் கூடுதலாக நிற்கிறது. நம் வாவியின் சுற்றளவே மூன்று கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். மேல் மலைகளிலிருந்து சட்டென்று இறங்குகிற தண்ணீரை அது எவ்வளவு வாங்கிக்கொள்ளும், பிறகு வான் வழியாக எவ்வளவு மெதுவாகக் கீழே விடும் என்று யோசித்துப் பாருங்கள்.

வாவி மட்டும் இல்லை. அதற்குக் கீழே இன்னொரு குளம் இருந்தது. போகம்பறைக் குளம். 1814 மே மாதம் எஹலபொல குமாரிஹாமியைக் கல்லைக் கட்டி மூழ்கடித்துக் கொன்ற அதே குளம்தான். அந்தக் கதையைச் சிங்களப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் பாடப் புத்தகத்தில் படித்திருக்கும். மத்துமபண்டார என்ற சின்னப் பையன் வாளுக்கு முன்னால் பயப்படாமல் நின்ற கதையைச் சொல்லும்போது வகுப்பில் ஒரு சத்தமும் இருக்காது. ஆனால் "சேர், அந்தக் குளம் இப்போ எங்கே?" என்று ஒரு பிள்ளை கேட்டால் நாம் என்ன சொல்கிறோம்? கண்டியில் பிறந்து வளர்ந்த பெரியவர்களிலேயே பாதிப் பேருக்கு அது தெரியாது. மைதானமும் சந்தையும் பஸ் நெரிசலுமாக இருக்கிற போகம்பறைப் பகுதிதான் அது. ஆங்கிலேயர் காலத்தில் அந்தக் குளம் மண் போட்டு நிரப்பப்பட்டது.

என் பார்வையில் கண்டியின் தண்ணீர் வரலாற்றில் திருப்பம் அதுதான். வாவி கட்டியதைப் பற்றி நூறு பேர் எழுதியிருக்கிறார்கள். போகம்பறைக் குளம் போனதைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. மேலே வாவி, கீழே குளம், அதற்கும் கீழே வயல் என்று மூன்று படியாகத் தண்ணீரைப் பிடித்து விட்ட ஓர் ஏற்பாட்டில் நடுப்படியைக் கழற்றி எடுத்தாயிற்று. பிறகு கடைசிப் படியும் போனது. 1867இல் கண்டிக்குப் புகையிரதம் வந்தது. மலைக்குள் ரயிலுக்குச் சமதரை வேண்டும், இருந்த சமதரை வயல்தான். 1876இல் போகம்பறைச் சிறைச்சாலை எழும்பியது. கோப்பி, பிறகு தேயிலை என்று தோட்டப் பணம் ஊருக்குள் ஓட, கடை, களஞ்சியம், வண்டிப்பேட்டை எல்லாம் பள்ளத்துக்குள் இறங்கின. நம் வியாபாரிகள் பலருடைய பாட்டன்மார் கடை போட்டதும் இந்தக் காலத்து எழுச்சியில்தான். யாரையும் குறை சொல்ல முடியாது. ஊர் வளரும்போது சமதரையை நோக்கித்தான் வரும்.

ஆங்கிலேயர் தண்ணீரைக் கவனிக்கவில்லை என்றும் சொல்லக்கூடாது. தமக்குத் தேவையான தண்ணீரை நன்றாகவே கவனித்தார்கள். வாவிக் கரையிலிருந்த அரச மகளிரின் நீராட்டு மண்டபத்துக்கு மேல்மாடி கட்டி வாசிகசாலையாக்கினார்கள். நடுத்தீவை வெடிமருந்துக் களஞ்சியமாக்கினார்கள். நடக்க, காற்று வாங்க, குதிரை ஓட்ட வாவியைச் சுற்றிப் பாதை. அரசன் காலத்தில் சாதாரண ஆட்கள் நுழைய முடியாதிருந்த உடவத்தகலைக் காட்டை 1856இல் ஒதுக்குக் காடாக்கினார்கள். அது 1938இல் சரணாலயமானது. ஹந்தானைப் பக்கம் துனுமடலாவையில் தோட்டமாக இருந்த நிலத்தை நகரத்தின் குடிநீருக்காக ஒதுக்கி நீர்த்தேக்கம் கட்டினார்கள். கைவிடப்பட்ட தோட்டம் மெல்ல மெல்லக் காடாகி இன்றைக்கு ஏறத்தாழ 480 ஹெக்டேர். மாநகர சபைக்குச் சொந்தமான காடு அது. ஒரு மாநகர சபைக்குச் சொந்தமாக இவ்வளவு பெரிய காடு இருப்பது சின்ன விஷயமில்லை. வாய்ப்புக் கிடைத்தால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

ஏன் இந்த இரண்டு காடும் பிழைத்தன? குடிக்கிற தண்ணீர் அங்கிருந்து வந்தது, கண்ணுக்கு அழகும் அங்கிருந்து வந்தது. வாவி பிழைத்ததும் அதே காரணத்தால்தான். ஆனால் மெத எலவிலிருந்து யாரும் குடிக்கவில்லை. அதன் கரையில் யாரும் காற்று வாங்கப் போகவில்லை. வயல் போனதும் அதற்குத் தேவைப்பட்ட ஆளும் போய்விட்டார்.

இங்கேதான் நான் ஞாபகத்தில் வைக்கச் சொன்ன வெல் விதானை வருகிறார். 1832இல் ஆங்கிலேயர் ராஜகாரிய முறையை ஒழித்தார்கள். அந்தக் கட்டாய வேலையின் கொடுமையை வாவி வெட்டிய கதையிலேயே பார்த்தோம், அது போனது நல்லதுதான். ஆனால் அதோடு சேர்ந்து ஊரார் கூடி வாய்க்கால் துப்பரவாக்கும் வழக்கமும் பல இடங்களில் தளர்ந்தது. குளங்களும் எலக்களும் தூர்ந்துபோக, கடைசியில் அரசாங்கமே 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நெற்காணி நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்தைக் கொண்டுவந்து பழைய ஊர் வழக்கத்துக்குத் திரும்பவும் உயிர் கொடுக்கவேண்டி வந்தது. கமக்காரர் கூடி விதி போடலாம், வெல் விதானையைத் தெரிவு செய்யலாம், வேலைக்கு வராதவனைத் தண்டிக்கலாம். ஆனால் இது வயலுக்குத்தான். வயல் நகரமாகிவிட்டால்?

1865இல் மாநகர சபைச் சட்டம் வந்தது. இலங்கையில் முதலில் மாநகர சபை கிடைத்த ஊர்கள் கொழும்பும் கண்டியும்தான். அந்தப் பெருமை நமக்கு உண்டு. தெரு, விளக்கு, சந்தை, குடிநீர், சுகாதாரம் எல்லாம் சபையின் கைக்கு வந்தன. எலவும் வந்தது, ஆனால் வயலின் வாய்க்காலாக வரவில்லை. நகரத்தின் கானாக வந்தது. ஊருக்குள் ஒரு தண்ணீரைப் பார்க்கிற பார்வையே அந்த ஒரு சொல்லோடு மாறிவிடும். வாய்க்கால் என்றால் ஒருவன் காவல் இருப்பான். கான் என்றால் பக்கத்து வீட்டுக்காரன் குழாயைத் திருப்பி விடுவான்.

இன்றைய மெத எலவைப் பார்ப்போம். வாவியின் வானிலிருந்து இறங்கி, நகரத்தின் நெருக்கத்துக்குள் சில இடங்களில் கொங்கிறீட்டுக்கு அடியால் மறைந்து, பிறகு புகையிரதப் பாதைக்கும் வில்லியம் கோபல்லவ மாவத்தைக்கும் அருகாக மேற்கே ஓடி கெட்டம்பேயில் மகாவலியோடு சேர்கிறது. வழியில் இருபக்க மலைகளிலிருந்தும் சின்னச் சின்ன ஓடைகள் வந்து கலக்கின்றன. எங்கள் பக்கத்து மூத்தவர்கள் சிலர் சின்ன வயதில் அதில் குளித்ததாகச் சொல்வார்கள். இன்றைக்கு ஷொப்பிங் பேக், ரெஜிபோம், ஒட்டல் எண்ணெய், கராஜ் எண்ணெய், சில இடங்களில் மலசலகூடக் குழாயே நேராக. நமது பிள்ளைகளுக்கு அது ஒரு மணம், அவ்வளவுதான். மூக்கைப் பொத்திக்கொண்டு பாலத்தைக் கடக்கிற இடம்.

1999இல் வாவித் தண்ணீர் பச்சையாகிப் போனது பலருக்கு ஞாபகம் இருக்கும். மைக்ரோசிஸ்டிஸ் என்ற நுண்ணுயிர் பெருகியதால் ஏற்பட்ட பச்சை அது. வீடுகளிலும் ஹோட்டல்களிலும் இருந்து வரும் அழுக்குத் தண்ணீரில் உள்ள பொஸ்பரசும் நைதரசனும் அதற்கு உரம். ஊரே கொதித்தது. பத்திரிகையில் வந்தது, பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்தார்கள், வாவிக்குள் வரும் கழிவுநீரைத் தடுக்க வேலைகள் நடந்தன. நல்ல விஷயம். ஆனால் அதே அழுக்கு, அதைவிட மோசமாக, எலவில் தினமும் ஓடிக்கொண்டிருந்தபோது ஊர் கொதிக்கவில்லை. வாவி 1988இல் உலக மரபுரிமையான புனித நகரத்தின் முகம், சுற்றுலாக்காரர் படம் எடுக்கிற இடம். எல நகரத்தின் முதுகு.

பிற்காலத்தில் இரண்டு பெரிய வேலைகள் நடந்ததையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் அநியாயம். ஜப்பான் கடனுதவியோடு கண்டி நகரக் கழிவுநீர்த் திட்டம் வந்தது, கன்னொறுவையில் சுத்திகரிப்பு நிலையம் கட்டினார்கள். எலவுக்குப் போகவேண்டிய அழுக்கில் ஒரு பகுதியாவது குழாய் வழியே அங்கே போகிறது. 2014இல் உலக வங்கி உதவியோடு கண்டிக்கும் காலிக்கும் தந்திரோபாய நகர அபிவிருத்தித் திட்டம் தொடங்கியது, அதில் மெத எலவைச் சீர்படுத்துவதும் ஒரு பங்கு. கரை கட்டுவது, நடைபாதை போடுவது எல்லாம் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் கரையைக் கொங்கிறீட் செய்வதால் மட்டும் எலவுக்கு அகலம் கூடாது. அகலம் கூடவேண்டுமென்றால் இடம் வேண்டும், இடம் யாரிடம் இருக்கிறது?

அதற்கும் மேலே ஒரு கேள்வி இருக்கிறது. எலவுக்கு வரும் தண்ணீர் ஏன் இவ்வளவு வேகமாக, இவ்வளவு மொத்தமாக வருகிறது? பத்துப் பேர்ச் காணி என்பது ஏறத்தாழ 253 சதுர மீற்றர். முழுக்கக் கூரையும் கொங்கிறீட் முற்றமுமாக மூடிவிட்டு, அதில் 50 மில்லிமீற்றர் மழை பெய்தால், 12,500 லீற்றருக்கு மேல் தண்ணீர். நம் வீட்டுக் கூரையில் வைக்கும் 1,000 லீற்றர் கறுப்பு டேங்க் பன்னிரண்டு. நூறு வீடு என்றால் 12 இலட்சம் லீற்றரைத் தாண்டும். 10,000 லீற்றர் பவுசரில் ஏற்றினால் 125 பவுசர், எல்லாம் ஒரே மணித்தியாலத்தில் ஒரே சரிவால் இறங்கி வருகிறது. காடாக இருந்திருந்தால் அதில் பெரிய பங்கு இலையிலும் மண்ணிலும் தங்கி, நாட்கணக்கில் ஊற்றாகக் கசிந்திருக்கும். ஹந்தானைச் சரிவிலும் ஹீரஸ்ஸகலப் பக்கத்திலும் கடந்த முப்பது நாற்பது வருடத்தில் எத்தனை கூரை எழும்பியிருக்கிறது என்று நாமே பார்த்திருக்கிறோம். நானும் அப்படி ஒரு சரிவில்தான் வீடு கட்டியிருக்கிறேன். கீழே காணி விலை வாத்திமார் சம்பளத்துக்கு எட்டாது.

அந்தச் சரிவு மண்ணையும் சேர்த்துக்கொண்டு வருகிறது. வாவி தூர்வதும் எலவின் அடி மேலே வருவதும் அதனால்தான். வாவிக்கு நீர் வரும் வாய்களில் வண்டல் பிடிக்கும் தொட்டிகள் இருக்கின்றன, அவற்றை நேரத்துக்குத் தோண்டி அள்ளினால் மட்டும் பயன். அள்ளாவிட்டால் அடுத்த மழையில் மண் அப்படியே உள்ளே போகும். 2025 நவம்பரில் தித்வா புயலின்போது மலைச்சரிவு என்ன செய்யும் என்று நாம் கண்ணால் கண்டோம். நாட்டில் ஆக அதிக உயிர்களை இழந்த மாவட்டங்களில் ஒன்று நம்முடையது. அது மண்சரிவுக் கதை, இது வெள்ளக் கதை என்று பிரித்துப் பேசுகிறோம். மலையில் தண்ணீருக்கு வழி விடாவிட்டால் மேலே இருப்பவனுக்கு மண்சரிவு, கீழே இருப்பவனுக்கு வெள்ளம். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதி எடுக்கவேண்டும் என்று சட்டம் சொல்லும்போது நாம் அதை ஒரு அலைச்சல் பேப்பர் என்று நினைக்கிறோம். அந்தப் பேப்பரில் கூரைத் தண்ணீரை எங்கே விடவேண்டும் என்பதும் அடங்கும்.

எல மகாவலியில் விழுந்ததோடு கதை முடிவதில்லை. கெட்டம்பேக்குக் கீழே ஆறு கட்டுகஸ்தோட்டையைச் சுற்றிக்கொண்டு பொல்கொல்லைக்குப் போகிறது. அங்கே 1976இல் முடிந்த அணைக்கட்டு மகாவலியின் ஒரு பங்கைத் திருப்பி, ஏறத்தாழ எட்டுக் கிலோமீற்றர் சுரங்கத்தால் உக்குவலைக்கு அனுப்புகிறது. அங்கிருந்து சுது கங்கை, அம்பன் கங்கை, போவத்தென்ன, கலாவெவ. கெக்கிராவை, கலாவெவப் பக்கத்தில் நமக்குச் சம்பந்தகாரர் எத்தனை பேர்? பெருநாளைக்கு நாம் கண்டியிலிருந்து வட்டிலப்பம் கொண்டுபோகிறோம். வருடம் முழுக்க வேறொன்றும் நம்மிடமிருந்து அவர்கள் வயலுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. ஆறு பெரியது, எவ்வளவோ தண்ணீரில் நம் எலவின் தண்ணீர் கரைந்துவிடும் என்பது உண்மைதான். என்றாலும் இதை ஒருமுறை பிள்ளைகளுக்கு வரைபடத்தில் விரலை வைத்துக் காட்டினேன். அதற்குப் பிறகு பாலத்தில் நின்று எதையாவது எறிகிற பழக்கம் அந்த வகுப்பில் கொஞ்சம் குறைந்தது. முழுக்க நின்றது என்று பொய் சொல்ல மாட்டேன்.

இனி நிர்வாகம். இன்றைக்கு எலவின் பொறுப்பாளி யார் என்று கேட்டால் ஒருவர் பெயர் வராது. நகரக் கான்கள் மாநகர சபைக்கு. பெரிய வீதிக்கு அடியில் உள்ள மதகு வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு. ரயில் பாதைக்கு அடியில் உள்ள போக்கு புகையிரதத் திணைக்களத்துக்கு. கட்டிடத் திட்டத்தில் நகர அபிவிருத்தி அதிகார சபைக்கும் பங்கு. அரச காணி என்றால் பிரதேச செயலகம். ஒவ்வொருவரும் தன் துண்டை நன்றாகவே செய்யலாம். ஆனால் தண்ணீர் துண்டு துண்டாக ஓடாது. மேலே உள்ள கானை அகலமாக்கி, கீழே உள்ள போக்கை அப்படியே விட்டால் வெள்ளம் அந்தப் போக்கடிக்கு இன்னும் வேகமாக வந்து சேரும். நூற்றைம்பது வருடத்துக்கு முன் வயலுக்காகக் கட்டிய அளவில் ஒரு போக்கு, அதற்கு மேலே இன்றைய நகரம். வெல் விதானைக்கு எலவின் தலை முதல் வால் வரை தெரியும். இன்றைக்கு அந்த முழு நீளத்தையும் ஒரே நாளில் நடந்து பார்க்கக் கடமைப்பட்ட ஒருவர்கூட இல்லை என்பதுதான் என் வருத்தம். மழைக்காலத்துக்கு முன், புரட்டாதியில், சபை உறுப்பினரும் இந்தத் திணைக்களங்களின் அதிகாரிகளும் வானிலிருந்து கெட்டம்பே வரை சேர்ந்து ஒருமுறை நடந்தால் போதும். செலவு ஒரு சோடி பூட்ஸ். நம் வட்டாரத்து உறுப்பினரிடம் இதை எழுத்தில் கேட்கலாம் என்று நினைக்கிறேன். கடிதம் நான் எழுதித் தருகிறேன், பள்ளி நிர்வாகங்களும் கடைக்காரர் சங்கமும் கையொப்பம் வைத்தால் கனம் இருக்கும்.

இன்னொரு வேலைக்கு உங்கள் உதவி வேண்டும். எலவின் பழைய அகலம் எவ்வளவு என்ற கேள்விக்கு அலுவலகத்தில் போய் நின்றால் ஆளுக்கொரு பதில் வரும். ஆனால் பதில் நம் அலுமாரிகளில் இருக்கிறது. தெய்யன்னவெல, கட்டுகலை, முல்கம்பொலைப் பக்கத்தில் காணி வைத்திருக்கிற குடும்பங்களின் பழைய ஒப்புகளில் "வடக்கே எல", "மேற்கே எலவும் வயலும்" என்று எல்லை எழுதியிருக்கும். சிலதில் நில அளவையாளர் வரைந்த பிளானும் இணைத்திருக்கும், அதில் எலவின் அகலம் அடிக்கணக்கில் குறித்திருக்கும். உங்கள் உம்மா, மூத்தவாப்பா வைத்திருந்த தகரப்பெட்டியைத் திறந்து பாருங்கள். அப்படி ஒன்று கிடைத்தால் ஆட்களின் பெயரையும் ஒப்பு இலக்கத்தையும் ஒரு தாளால் மறைத்துவிட்டு, எல்லை எழுதிய பக்கத்தையும் பிளானையும் மட்டும் படமெடுத்து எனக்கு உள்பெட்டியில் அனுப்புங்கள். யாருடைய காணியையும் பிடிக்கிற வேலை இல்லை இது, பயப்படவேண்டாம். 1900க்கு முந்தியது என்றால் மிகவும் நல்லது. 1950க்கு முந்தியதென்றாலும் போதும்.